அறுபதில் நின்ற ஊசி

ஆழ்வார்பேட்டையில் பவுல்சாமி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. மீட்டர் பவுல் என்றால் கையைப் பிடித்து அழைத்துப்போகாத குறையாகக் கடை வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். ஸ்கூட்டரோ அம்பாசடரோ லாரியோ, ஊசி நடுங்கினாலும் செத்துக் கிடந்தாலும் அவரிடம்தான் வரும். சின்ன வயதில் கைக்கடிகாரக் கடையில் உட்கார்ந்து பழகிய கை. ஐம்பத்தைந்து தாண்டியும் கண்ணாடிதான் தடித்ததே தவிர கையில் நடுக்கம் வரவில்லை.

சாந்தோமில் இரண்டு அறை வீடு. பங்குப் பள்ளியில் டீச்சராக இருக்கும் மனைவி ஆலிஸ். ஒரே மகள் ஜொவிட்டா. மனிதர் யாரோடும் வம்புக்குப் போகமாட்டார். பூசையில்கூடக் கடைசித் தூணோரம்தான். கறிக்கடைக்காரன் எலும்பாகவே அள்ளிப் போட்டாலும் பேசாமல் வாங்கிவந்து, ஆலிஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவர் குரலை உயர்த்தி வீட்டில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்கள். அது மருமகன் ஷெல்டனிடம். புதிதாகப் போட்டிருந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டிய ஓட்டத்தில், கோவளம் தாண்டுவதற்குள் ஆலிஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை எடுத்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்ததும் பவுல்சாமி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மகளை அந்த வண்டியில் இனி ஏற்றமாட்டேன் என்று கத்தினார். ஷெல்டன் நல்ல பையன். கோபித்துக்கொள்ளவில்லை. ஜொவிட்டா பக்கத்தில் இருக்கும்போது ஊசி அறுபதைத் தாண்டாது என்று ஆலிஸின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். செய்ததைக் காப்பாற்றவும் செய்தான். ஜொவிட்டா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊசியையே பார்த்திருப்பாள். அறுபதைத் தொட்டால் "ம்" என்பாள். அவன் காலை எடுத்துவிடுவான். குழந்தை பிறந்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நடந்துவந்தது.

ஷெல்டனுக்கு இறால் ஏற்றுமதி வியாபாரம். கடலோர இறால் பண்ணைகளில் கரை மணலிலும் சேற்றிலும் போய்வர, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன ஜப்பான் ஜீப்பை வாங்கியிருந்தான். அது மணலில் சிக்குகிறது என்று, அந்த வருடம் ஆகஸ்ட்டில் பெரிய டயராகப் பார்த்துப் போட்டான். ஜீப் ஒரு முழம் உயர்ந்துவிட்டது போலத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஏறுவதற்கு ஜொவிட்டாவுக்கு முக்காலி வேண்டியிருந்தது.

பவுல்சாமி டயரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மீட்டர் இனிமேல் பொய் சொல்லும் என்றார். அந்த வண்டியில் மீட்டரைச் சுழற்றும் கேபிள் கிடையாது. கியர் பெட்டியில் இருக்கும் சென்சார், சக்கரம் சுற்றச் சுற்ற மீட்டருக்கு மின்துடிப்பு அனுப்பும். டயர் பெரிதானது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும், துடிப்பு பழைய கணக்கிலேயே வரும். ஊசி அறுபதில் நிற்க, வண்டி அறுபத்தேழில் போகும்.

"அப்ப சரி பண்ணிக் குடுத்துருங்க மாமா. மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணி போறோம்" என்றான் ஷெல்டன்.

சரி பண்ணுவது. மீட்டர் தொழிலில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். பழைய கார் புரோக்கர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, சரி பண்ணிரு பவுலு என்பார்கள். ஓடிய கிலோமீட்டரைக் குறை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. புதிதாக வந்த எலெக்ட்ரானிக் மீட்டர்களில் எண்ணைத் திருப்ப முடியாமல் போனதும், பவுல்சாமி ரிச்சி தெரு ரேடியோ கடைகளில் சாமான் வாங்கித் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா செய்தார். சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் அதை வைத்தால், உள்ளே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பித் துடிப்பைக் குறைக்கலாம், கூட்டலாம். கூட்டச் சொல்லி அதுவரை யாரும் வந்ததில்லை.

ஜீப்புக்கும் அந்த டப்பாவையே வைத்தார். கடை மோட்டாரில் மீட்டரை ஓடவிட்டு, டயர் அளவைக் கணக்குப் போட்டு, ஊசி எத்தனை கோடு நகரவேண்டுமோ அத்தனை கோடு நகரும்வரை திருகைத் திருப்பினார். மயிரிழை பிசகவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டு லஸ் முனையில் முழங்கால் தண்ணீர். ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஷெல்டன் சிரித்து, "உங்க கைல பாத்ததுக்கு மேல ரோட்ல இன்னா மாமா பாக்கறது?" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவருக்கும் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பிய அன்று விடியற்காலைப் பூசை முடிந்து ஆலிஸ் பேரனின் நெற்றியில் சிலுவை போட்டாள். பாண்டிச்சேரியில் ஷெல்டனின் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு மேலே போவதாகத் திட்டம். ஜீப் சாந்தோம் நெடுஞ்சாலையில் திரும்பியபோது புது டயர் தாரில் உராயும் ஊளை ஒன்று கேட்டது. வண்டி மறைந்த பின்னும் அது கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பவுல்சாமிக்குத் தோன்றியது. ஆலிஸிடம் சொல்லவில்லை.

கடை திறந்து ஊதுவத்தி அணையவில்லை, மேற்கு மாம்பலம் புரோக்கர் சங்கரன் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பெனியில் வாடகைக்கு ஓடும் வண்டி.

"வழக்கம்போல சரி பண்ணிரு பவுலு. ரொம்ப இறக்காத, பாக்கறவனுக்குச் சந்தேகம் வரும்."

பவுல்சாமி மீட்டரைக் கழற்றி மோட்டாரில் மாட்டி, டப்பாவைத் திறந்து திருகில் கையை வைத்தார். கை தானாக இடது பக்கம் திரும்பியது. ஊசி இறங்கியது. போதும் என்று கை நின்றது.

அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்தாநாள் ஜீப் மீட்டரிலும் ஊசி நகர்ந்தது. எத்தனை கோடு என்று எண்ணியது ஞாபகம் இருந்தது. மேலேயா கீழேயா என்று யோசித்தார். கை இதே பக்கம்தான் திரும்பியது. ஊசி இறங்கியதும் வேலை முடிந்தது என்று மனசு நிறைந்ததுகூட ஞாபகம் வந்தது. கூட்டவேண்டியதைக் குறைத்திருக்கிறார். இப்போது ஊசி அறுபதில் நின்றால் வண்டி எழுபத்தைந்துக்கு மேல் போகும். பக்கத்தில் மகள் உட்கார்ந்து, அறுபதுதான் என்று நிம்மதியாகக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னா பவுலு, மயக்கமா வருது? தண்ணி குடி" என்றார் சங்கரன்.

பவுல்சாமி மீட்டரை அப்படியே போட்டுவிட்டு எதிர்ச்சாரி எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அறுபதில் போனால் இந்நேரம் அவர்கள் பாண்டிச்சேரியை நெருங்கிக்கொண்டுதான் இருக்கவேண்டும். வந்ததும் கிளம்பவிடாமல் நிறுத்திவைக்கும்படி அத்தையிடம் சொல்வதாக எண்ணம். மணி அடித்ததும் அத்தை எடுத்தாள்.

"அவுங்க அப்பவே வந்தாச்சே. எனக்கே ஆச்சரியம், இட்லிகூட வேகல. டிபன் ஆச்சு, இதோ கிளம்பறாங்க."

பவுல்சாமி பூத்தின் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு, மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். ஷெல்டன் உற்சாகமாக வந்தான். ரோடு வெண்ணெய் மாதிரி இருந்தது, அறுபதைத் தாண்டவே இல்லை, ஜொவிட்டாவையே கேளுங்கள் என்றான். பவுல்சாமி நடுவில் நிறுத்தி, மீட்டரைத் தான் தப்பாக வைத்துவிட்டதை ஒளிக்காமல் சொன்னார். எழுபத்தைந்து, எண்பதில் வந்திருக்கிறீர்கள் என்றார்.

அந்தப் பக்கம் ஷெல்டன் சிரித்தான். வாய்விட்டு, ரொம்பச் சந்தோஷமாக.

"எம்பதுலயா வந்தோம்? புள்ள அசையாம தூங்கிச்சு மாமா. ஒங்க பொண்ணு ஒரு ம் சொல்லல. நான் அப்பவே சொல்லல, இந்த வண்டி தாங்கும்னு? நீங்கதான் பயந்துக்கினு இருந்தீங்க."

வண்டியை எடுக்கவேண்டாம், பஸ்ஸில் வந்து திருகை மாற்றித் தருகிறேன் என்று பவுல்சாமி கெஞ்சினார். எதற்கு மாமா சிரமம், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம், மத்தியானத்துக்குள் வேளாங்கண்ணி போய்ச் சேரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனை ஜொவிட்டாவிடம் கொடுத்தான். அவள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டிருந்தாள்.

"நாப்பத்தஞ்சும்மா. ஊசி நாப்பத்தஞ்சைத் தாண்ட விடாத" என்றார் அவர்.

"அந்த ஊசிய அவரு இனிமே மதிப்பாராப்பா?" என்றாள் ஜொவிட்டா. குரலில் கோபம் இல்லை. "இத்தினி நாளா அதக் காட்டித்தான் நிறுத்தினேன். இனிமே நான் எதக் காட்டறது?"

தெருவில் ஹாரன் அடிப்பது போனில் கேட்டது. ஒருமுறை சின்னதாக. பிறகு விடாமல், நீளமாக.

"கூப்டறாருப்பா" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

பவுல்சாமி மறுபடி அதே எண்ணைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வழியனுப்ப எல்லாரும் வாசலுக்குப் போயிருந்தார்கள் போலிருக்கிறது.