கட்டுப்பல் ஆடிய ஆனி மாதம்

என் மேல்வரிசை முன்பல்லில் ஒன்று பொய்ப்பல். சிறு வயதில் கிணற்றடிக் கல்லில் விழுந்ததில் சொந்தப் பல் போய்விட்டது. பெண் பார்க்க வருவதற்கு முன் அப்பா என்னை விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் பல் கட்டுகிறவரிடம் அழைத்துப் போனார். அவர் இரண்டு பக்கத்துப் பல்லோடும் உட்புறமாகத் தங்கத் தகட்டால் பிணைத்து, நடுவில் அதை நிறுத்தினார். புகுந்த வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட வருஷமே, ஆனி மாதம் விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது, விரலுக்கு மசியாத ஒரு காயைப் பல்லால் நெரித்தேன். தகடு விட்டுவிட்டது. வேலம்பிசின் வைத்து ஒட்டினேன். கூழ் குடித்ததும் கரைந்தது. விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில் நாக்காலேயே தாங்கிக்கொண்டிருந்தேன். புதுப் பெண் தனியாகத் தெருவில் இறங்க முடியாது. ஆடிக்கு அழைக்க அம்மா வருவாள், விழுப்புரம் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று அதற்காகவே காத்திருந்தேன்.

முறுக்கு வேண்டாம், வெற்றிலை வேண்டாம் என்றேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடிக்கடி கொல்லைக்குப் போய்க் குனிந்து பல்லை அழுத்திவிட்டு வந்தேன். சரியாகச் சாப்பிடாததாலோ என்னவோ, அந்த மாதம் தூரமும் தள்ளிப்போனது. மாமியார் எல்லாவற்றையும் கவனித்து, மசக்கை என்று முடிவு கட்டி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மறுத்தால் பல் விஷயம் வெளியே வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆடி அழைக்க அம்மா சீர்த்தட்டோடு வந்தாள்.

"மாசமா இருக்கிற பொண்ண ரயில்ல குலுக்கிக்கினு எங்க இட்டுக்கினு போறீங்க? ஆடின்னா புருஷன வுட்டுத் தனியாப் படுக்கணும், அவ்ளோதானே? எங்கூடப் படுத்துக்கட்டும்" என்றார் மாமியார்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கிளம்பத் தயாராகிவிட்டாள். இவள் போய்விட்டால் இனி யார் வந்து என்னை அழைத்துப் போவார்கள்? சமையற்கட்டில் நாங்கள் மூவர் மட்டும் இருந்தபோது பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து மாமியாரிடம் நீட்டினேன்.

"அத்தே, இதாலதான்" என்றேன். சொல்லும்போது காற்றுதான் வந்தது.

அம்மா சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். மாமியார் பல்லைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார்.

"அப்ப புள்ள இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பொய்ப்பல்லுக்காக அவர் திட்டவில்லை. திட்டுவார் என்றுதான் காத்துக்கொண்டு நின்றேன்.

"தெருவுல தலகாட்ட முடியாத பண்ணிட்டியேடி" என்று மட்டும் சொன்னார். பிறகு அம்மாவிடம், "பல்ல ஜல்தியா கட்டிக்கினு வாங்க. யாராண்டையும் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

விழுப்புரத்தில் பல்லைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டு ஆடி கழிந்து திரும்பினேன். ரயில் குலுங்கியதில் கரு கலைந்துவிட்டதாக மாமியார் அதற்குள் தெருவில் சொல்லியிருந்தார். பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பக்கத்து வீட்டு அம்மா, வயிற்றுப்புண் ஆறட்டும் என்று சுக்கும் பூண்டும் போட்ட லேகியத்தை உருட்டிக் கொண்டுவந்தார். மாமியார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.