மூன்று வெள்ளைக்காரிகள்

தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க ஆரப்பாளையம் போனேன். டெய்லர் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

அதே எண்ணெயைத் தொட்டுத்தான் அப்பா ஞாயிறுதோறும் தம் ரிவால்வர்களைத் துடைப்பார். மூன்றும் அமெரிக்க ராணுவத்துடையவை. பர்மாச் சண்டையிலிருந்து திரும்பியவர்களிடம் தேடித் தேடி வாங்கியவை. முறையான லைசென்ஸ் இருந்தது. ஒரு முறை புதுப்பிக்க மறந்துவிட்டார். போய்ச் சொன்னால் பறிமுதல் செய்வார்கள் என்று பயந்து அப்புறமும் போகவில்லை. கோப்பு எங்கே தூங்கியதோ, அங்கிருந்தும் யாரும் கேட்கவில்லை. வருடத்துக்கு வருடம் குற்றம் மட்டும் வளர்ந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவும் துணிவில்லை. திருடன் புகுந்தால் போலீஸில் என்னவென்று எழுதிக்கொடுப்பது?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கெஞ்சுவேன்.

"நீங்களும் வாங்கப்பா."

"நீங்க போயிட்டு வாங்கத்தா. வீட்டுல ஆளு வேணும்ல?"

"மூணு வெள்ளைக்காரிய விட்டுட்டு உங்கப்பா எங்கிட்டு வருவாரு?" என்பாள் அம்மா.

பிறகு எனக்குக் கலெக்டர் ஆபீஸில், ஆயுத லைசென்ஸ் பிரிவிலேயே வேலை கிடைத்தது. முதல் வாரமே, தாமதத்துக்கு நாலு வரி விளக்கம் எழுதிய ஒருவருக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஓடினேன்.

"நாலு வரிதானா?" என்றார் அப்பா.

எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் வந்தது. அந்தச் சித்திரையில் மூவருமாக ஆற்றுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

"வீட்டுல ஆளு வேணும்ல?" என்றார்.

"அக்கா, டீ குடிச்சிட்டு வாரேன், கடையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று டெய்லர் கிளம்பினார். முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.