பனி கொட்டாத ஊரில் அண்ணா போர்த்திய புல்

எங்கள் அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினரும் நண்பரும் அவருடைய நற்குணங்களை வாசிக்க எதிர்பார்ப்பீர்கள். அவை நிறையவே உண்டு, எழுதுகிறேன். ஆனால் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி அண்ணா என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"மலர் கிலர் ஏதும் போட்டா, நல்லவன் வல்லவன் எண்டு மட்டும் எழுதிப்போடாதை, தங்கச்சி. அந்த மனுசிக்கு நான் பொய் சொன்னதையும் எழுது."

மற்றவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். கேட்டவர் அண்ணா என்பதால் எழுதுகிறேன்.

சாவகச்சேரியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணா. அவருக்குக் கீழே நாங்கள் நான்கு பெண்கள், நான் கடைக்குட்டி. அப்பா திடீரெனக் காலமானபோது அண்ணா படிப்பை முடித்த கையோடு கணித ஆசிரியராகச் சேர்ந்து, மூன்று அக்காமாரையும் கரைசேர்த்தார். தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைக்கவேயில்லை. நாங்களும் "உங்களுக்கு எப்ப அண்ணா?" என்று வற்புறுத்திக் கேட்கவில்லை. நேர்மையில் அவர் பொல்லாத மனிதர். பாடசாலை அதிபரின் மகனுக்கே பரீட்சையில் பூச்சியம் போட்டுவிட்டு, மறுநாள் அதே அதிபரின் வீட்டுக் கொண்டாட்டத்தில் போய்ச் சாப்பிட்டு வந்தவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில், உலகின் தென்கோடியில் இருக்கும் ஒக்லாந்தில் அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் கணவரை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். வந்திறங்கிய வாரமே எங்களுக்குக் கம்பளிப் போர்வை கொண்டுவந்து தந்தவரும், எந்த பஸ்ஸில் ஏறுவது என்று கூட வந்து காட்டியவரும் அவர்தான். அவருடைய வீட்டின் பின்புறத்தில் ஒரு புல்வெளி இருந்தது. கணவர் தன் கையால் உருளை உருட்டிச் சமப்படுத்தி வளர்த்த புல். இங்கே கிறிஸ்மஸ் நடுக்கோடையில்தான் வரும்; அன்றைய மதியச் சாப்பாடு எப்போதும் அந்தப் புல்லின் மேல்தான் என்று எங்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

நாங்கள் வந்த அந்த முதல் வருஷமே, குளிர் தொடங்கு முன் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போது அண்ணாவின் கையைப் பிடித்து, குளிருக்கு முன் புல்லைக் கொஞ்சம் ஆயத்தப்படுத்தி வை, கிறிஸ்மஸுக்கு நான் அதில் இருக்க வேண்டும் என்றார். அண்ணா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் தொடங்கியது.

புல் வளர்ப்பது எங்களுக்குத் தெரியாத வித்தை. ஊரில் வளவுக்குள் புல் முளைத்தால் மண்வெட்டியால் செருக்கி எறிந்துவிட்டுக் கூட்டிவிடுவோம். புல் மண்டிய முற்றம் ஆளில்லாத வீட்டுக்கு அடையாளம். அண்ணா யாரைக் கேட்டார் தெரியுமா? கனடாவில் இருந்த எங்கள் சித்தப்பாவின் மகனைத்தான். எங்கள் ஆட்களுக்கு வெளிநாடு என்றால் எல்லாம் ஒரே குளிர்நாடு. அவனும் தொலைபேசியில் பெரிய கெட்டிக்காரனைப் போல, புல்லை ஒட்ட வெட்டு, வைக்கோல் பரப்பு, பனி கொட்டு முன் மூடிவிடு என்று சொல்லிக்கொடுத்தான். அங்கே அப்படித்தான் செய்வார்களோ, அல்லது அவனும் யாரோ சொன்னதைத்தான் சொன்னானோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே பக்கத்தில் இருந்த ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. வெள்ளைக்காரரிடம் போய்ப் புல்லைப் பற்றிக் கேட்க வெட்கம்.

அண்ணா புல்லை அடியோடு ஒட்ட வெட்டினார். குதிரை வளர்க்கும் ஒருவரிடம் வைக்கோல் வாங்கி ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினார். அதற்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு விரித்து, காற்றுக்குப் பறக்காமல் சுற்றிவர செங்கல் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு, பிள்ளையை நித்திரையாக்கிய தாயைப் போல நின்று பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் பனிக்காகக் காத்திருந்தோம். மழைதான் வந்தது. ஒவ்வொரு நாளும் வந்தது.

ஒருநாள் பாடசாலையில் அண்ணா, ஸ்னோ எப்போது கொட்டும் என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒக்லாந்தில் பனி கொட்டாதாம். குளிர்காலத்திலும் புல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். இலைகளை வாரிவிட்டு, மழைநீர் இறங்க முள்ளுக்கரண்டி போன்ற மண்வெட்டியால் அங்கங்கே குத்திவிட்டால் போதுமாம். அன்று பின்னேரம் அண்ணா புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஓடிப்போய்ப் படங்கை இழுத்தார். கிடுகு பின்ன ஊறப்போட்ட ஓலை நாற்றம் அடித்தது. புல் இருந்த இடம் கறுத்து, வழுவழுத்து, நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணா அந்தச் சேற்றிலேயே குந்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவோம். என் புல் எப்படி என்று கேட்பார். இடுப்பு எப்படி என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே கேட்பார். பச்சைப் பசேல் என்று இருக்கிறது என்று அண்ணா சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறும் சொன்னார். பூச்சியம் போட்ட அதே மனிதர்தான். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்.

"பொய் சொல்லிப் பழகிப்போச்சு, தங்கச்சி. இண்டைக்கு ரெண்டு குருவியும் வந்து புழுப் பொறுக்குது எண்டு சேர்த்துச் சொல்லிப்போட்டன். அவ அப்பிடிச் சந்தோசப்படுறா."

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். முதலில் புல்லை முளைக்கப் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றார். பாடசாலை விட்டு வந்ததும் கொத்துவார், விதை தூவுவார், குருவி கலைப்பார். பச்சை தலைகாட்டத் தொடங்கிய வாரத்தில், கிறிஸ்மஸுக்கு வெகு முன்பே, நெஞ்சில் சளி கட்டி அந்த அம்மா இறந்துபோனார். சவ அடக்கத்தில் அவருடைய மகள் அண்ணாவின் இரு கைகளையும் பிடித்து, அம்மாவுக்கு நீங்கள் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி என்றார். அண்ணாவின் முகம் செத்துப்போயிற்று.

மகள் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பக்கத்துப் புறநகரான பக்குரங்காவில் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்கு முன் அண்ணா யாரும் கேட்காமலே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் இலை வாரி, மண் குத்திவிட்டு வருவார். குடியிருந்தவர்கள் தேநீர் கொடுத்தால் குடிக்க மாட்டார். போதும் அண்ணா, விடுங்கள் என்பேன். "உனக்கு விளங்காது" என்பார். நெஞ்சு நோய் கண்ட பிறகும் போனார். போகாதீர்கள் என்று மறித்து, அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

அண்ணாவின் இறுதிக் கிரியைக்கு அந்த மகளும் வந்திருந்தார். அண்ணா கேட்டுக்கொண்டது மலருக்கு மட்டுந்தான். ஆனால் தமிழ் மலரை அந்த மகளால் வாசிக்க முடியாதே என்று, அண்ணா சொன்ன பொய்யை நான் வாயால் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

அம்மாவின் உடுப்பு எடுக்க அவர் வீட்டுக்கு வந்த அன்றே பின்பக்கத்தைக் கண்டுவிட்டாராம். வைக்கோலையும் படங்கையும் பார்த்ததுமே நடந்தது விளங்கிவிட்டதாம். நேரே போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா இடுப்பு நோக நோகச் சிரித்துவிட்டு, பிறகு கண்டிப்பாகச் சொன்னாராம்: "எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே. வெட்கத்தில் வராமல் விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து கதைக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"

இதை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் எனக்குச் சொன்னார். அண்ணா அதைச் சுமந்துகொண்டு திரிந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணா இருந்த காலத்தில் பக்குரங்கா பிளாசாக் கடைகளில் எத்தனை தடவை அவரைக் கண்டிருப்பேன்! சுகமா என்று கேட்டுவிட்டுக் மரக்கறிப் பையோடு நடையைக் கட்டியவள் நான். அண்ணாவின் மானம் போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணாவின் நோய்க்காலத்தில் அருகிருந்து பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பாபடோயிட்டோவிலிருந்து முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அன்பர்களுக்கும், தமிழ் அச்சகம் இல்லாத இந்த ஊரில் இம்மலரைக் கையால் எழுதிப் பிரதியெடுத்துத் தந்த நண்பருக்கும், கிரியைகளைக் குறைவின்றி நடத்தித் தந்த பெரியவருக்கும், தூரத்திலிருந்து ஆறுதல் சொன்ன அக்காமார் குடும்பங்களுக்கும், ஓம், கனடாத் தம்பிக்கும் எங்கள் நன்றி. அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டிய நன்றி வேறு. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அண்ணா, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். அவவுக்கு எல்லாம் தெரியுமாம் அண்ணா. நான் அந்த மகளிடம் ஒரு சொல்லுக் கேட்டிருந்தால், நீங்கள் உயிரோடு இருக்கேக்கையே இதைச் சொல்லியிருப்பேன்.