மூன்று முறை திரும்பி வந்த கணக்கு

மற்றவர்கள் அருவி பார்க்கப் போவார்கள். நான் வகுப்பறை பார்க்கப் போகிறேன். செலவு குறைவு. குரங்குத் தொல்லையும், பலர் நினைப்பதற்கு மாறாக, குறைவு.

போன செப்டம்பரில் திருப்பூர்ப் பக்கம் போனதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என்னுடன் கல்லூரியில் படித்த பூங்கொடி, அவிநாசிக்கு அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. கூடப் படித்தவனையும் ‘ங்க’ போட்டுப் பேசும் ஊர்க்காரர்.

“வெள்ளிக்கிழமை வர்றீங்களா? சுனிதான்னு ஒரு புள்ளைங்க. அஞ்சாவது. அவங்கப்பா அவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திப் பீகாருக்கே அனுப்பப் போறேங்கறாரு. பேச வரச் சொல்லியிருக்கேன். வெளியாள் ஒருத்தர் உக்காந்திருந்தா எனக்குத் தெம்புங்க.”

தெம்பு தரும் அளவுக்கு நான் ஆள் இல்லை. ஆனாலும் கிளம்பினேன்.

ஈரோட்டிலிருந்து திருப்பூருக்கு ரயிலில் ஐம்பது கிலோமீட்டர். காலை எட்டேகாலுக்கு இறங்கினேன். நண்பர் ஒருவரின் சிபாரிசில் முதலில் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றைப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. ஆறாம் வகுப்பு. சுவரளவுத் திரையில் எரிமலை வெடித்தது. மறுபடி வெடித்தது. ஆசிரியருக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. நான்காம் முறை வெடித்தபோது மின்சாரமே போய் உதவியது. இருட்டில் ஒரு சிறுமி கேட்டாள்: “சார், இங்க எரிமலை வெடிச்சா கம்பெனிக்கெல்லாம் லீவுங்களா?” அந்த மனிதர் சாக்பீஸை எடுத்தார். நம் காலடியில் என்ன இருக்கிறது, இங்கே ஏன் எரிமலை இல்லை என்று வரைந்து வரைந்து சொன்னார். மின்சாரம் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நல்ல ஆசிரியர். அவரையும் அவருடைய திரையையும் பிரித்து வைத்தால் போதும்.

பழைய பேருந்து நிலையத்திலிருந்து அவிநாசி பதினான்கு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். அங்கிருந்து பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

“ஏனுங்க, பள்ளிக்கூடம் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? கோயில் இங்கயே இருக்குதுங்களே” என்றார் ஓட்டுநர்.

“கோயிலுக்குப் போன தடவையே போயிட்டேங்க.”

“அப்பச் சரிங்க. எம்பட பையன் கதிரும் அங்கதான் படிக்கறான். தப்புப் போட்டா பூங்கொடி டீச்சர் அடிக்கறதில்லீங்க. கமெண்ட் போட்டுத் திருப்பி உட்டுருவாங்க. அவனும் எங்கூட்டுக்காரம்மா வெச்ச ரசத்துக்குக் கமெண்ட் போடறான். ரெண்டு நாளா ரசமே இல்லீங்க.”

விஷயம் இதுதான். பனியன் கம்பெனிகளில் ஆர்டர் பிடிக்கும் முன் ஒரு சாம்பிள் தைத்து வாங்குபவருக்கு அனுப்புவார்கள். கழுத்து இறுக்கம், கை நீளம் என்று குறிப்புகளோடு அது திரும்பி வரும். திருத்தி அனுப்புவார்கள். ஒப்புதல் கிடைக்கும்வரை இந்தப் போக்குவரத்து நடக்கும். பூங்கொடி இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளே ஒருவர் கணக்கை ஒருவர் பார்த்துக் குறிப்புச் சொல்லித் திருப்பித் தருவார்கள், சரியாகும்வரை.

சுனிதாவின் அப்பா மனோஜ் வேலை பார்ப்பது சாம்பிள் பிரிவில் அல்ல, தைத்து முடித்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில். அங்கே ஒரு பனியன் மூன்று முறை திரும்பி வந்தால் அதன் இடம் கழிவு மூட்டை. ஒரு வருடமாக மகளின் கணக்கெல்லாம் இரண்டு முறை, மூன்று முறை திரும்பி வருவதைப் பார்த்த மனிதர் என்ன நினைப்பார்? ஊரில் தாத்தா வீட்டில் இருக்கட்டும், அங்கே மதிப்பெண்ணாவது போடுவார்கள் என்று முடிவு செய்துவிட்டார்.

பூங்கொடியின் வகுப்பில், கடைசி பெஞ்சில் முழங்கால் மேசைக்குள் போகாமல் நான் உட்கார்ந்தபோது, பிள்ளைகள் நான்கு நான்கு பேராக ஒரு பனியனை டேப் வைத்து அளந்து முடித்திருந்தார்கள். அடுத்தது பெருக்கல். கதிரின் கணக்கு சுனிதா கைக்குப் போய் உடனே திரும்பியது.

“ஏழெட்டு அம்பத்தஞ்சு இல்ல. அம்பத்தாறு.”

“ஒண்ணுதானே கம்மி? டாலரன்ஸ்ல வரும், போ.”

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பனியன் நீளத்தில் அரை இஞ்ச் கூடக் குறைய இருந்தால் கம்பெனி ஏற்கிறது. கணக்கு மட்டும் ஏன் ஏற்கக்கூடாது? ஓட்டெடுப்பு நடந்திருந்தால் கதிர் ஜெயித்திருப்பான். பூங்கொடி, “சுனிதா கண்ணு, நீ என்ன சொல்றே?” என்று மட்டும் கேட்டார்.

“அளக்கறதுலதானுங்க விடலாம். எண்ணறதுல விடக்கூடாதுங்க. பொட்டிக்கு ஏழு, எட்டுப் பொட்டி. அம்பத்தஞ்சுதான் இருந்துச்சுன்னா ஒண்ணைக் கதிர் ஊட்டுக்குக் கொண்டுபோயிட்டான்னு அர்த்தமுங்க.”

“நான் எடுக்கலீங்க டீச்சர்!” என்று கதிர் நிஜமாகவே பதறினான்.

சிரிப்பு அடங்கியபோது வாசலில் மனோஜ் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவருக்குத் தமிழ் வேலைக்குத் தேவையான அளவு. பூங்கொடிக்கு ஹிந்தி அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஹிந்தி ரயில் நிலையத்தோடு நின்றுவிடும். ஆகவே பேச்சுவார்த்தைக்கு மொழிபெயர்ப்பாளர் சுனிதாவேதான்.

மனோஜ் தலையைக் குனிந்துகொண்டு நீளமாகச் சொன்னார். சுனிதா நேராக நின்று சொன்னாள்: “அப்பா சொல்றாருங்க, மூணு தடவை திரும்பி வந்தா வேஸ்ட்டுங்களாம். நான் வேஸ்ட்டுங்களாம். உங்க மேல தப்பில்லீங்களாம்.”

பூங்கொடிக்கு “உங்க பொண்ணு நல்லாப் படிக்கறாங்கன்னு சொல்லு கண்ணு” என்பதற்கு மேல் வரவில்லை.

சுனிதா அப்பாவிடம் திரும்பினாள். ஒரு வாக்கியம் போய், ஒரு பிரசங்கம் வந்தது. கையை ஆட்டி, கதிரைக் காட்டி, பனியனைத் தூக்கிக் காட்டி. எனக்குப் புரிந்தது இரண்டு சொல்: ‘செக்கிங்’, ‘சாம்பிள்’. மனோஜ் அந்தப் பனியனை வாங்கி, பழக்கத்தில் தையலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் பூங்கொடியிடம் கேட்டார்: “மேடம், திங்கக்கெழமை ஸ்கூல் இருக்கா?”

“இருக்குங்க.”

“வரும்.”

அவர் முற்றத்தில் காத்திருக்கப் போனதும் பூங்கொடி கேட்டார், “நான் ஒரு வரிதானே சொன்னேன்? நீ என்னத்த அவ்ளோ நேரம் சொன்னே?”

“நீங்க சொன்னது பத்தாதுங்க டீச்சர். திருத்திச் சொன்னேனுங்க.”

போக நினைப்பவர்களுக்கு: தலைமை ஆசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். மதியம் இரண்டு மணி வகுப்பே நல்லது. தூங்காத வகுப்பா என்பது அப்போதுதான் தெரியும். சாக்லெட் கொண்டுபோகாதீர்கள், பிரதமர் பெயர் கேட்காதீர்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது, ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். பிள்ளைகள் வாத்தியாரைத் திருத்தத் துணிகிற வகுப்பில் ஏதோ நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையை வெளியிடுமுன் பூங்கொடிக்கு அனுப்பினேன். அவர் வகுப்பில் வாசிக்கவிட்டார். இரண்டு முறை திரும்பி வந்தது. ஆட்டோ கட்டணத்தைத் தப்பாகப் போட்டிருந்தேனாம். மூன்றாவது முறை சுனிதாவின் குறிப்போடு வந்தது: “அப்பா ‘வரும்’னு மட்டும் சொன்னதா எழுதியிருக்கீங்க. வெளிய போயி எங்கிட்ட இன்னொண்ணும் சொன்னாருங்க. அதை எழுத வேண்டாமுங்க. மத்ததெல்லாம் சரிங்க.”