தின்பது நான், குளிப்பது அம்மா

தினம் ஒரு முட்டை சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது என்று இப்போது யார் யாரோ சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குளிர்கிறது. முட்டை என்றால் எனக்கு ருசி நினைவுக்கு வருவதில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருந்தோம். தெரு முழுக்க மிளகும் சுக்கும் அடைத்த கிடங்குகள். அதில் ஒன்றில் அப்பாவுக்கு வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை எங்களோடு இருந்தாள் என்று சொல்வது தப்பு. நாங்கள்தான் அத்தையோடு இருந்தோம். வெங்காயம்கூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும். பெரும்பாலும் வராது.

எனக்கு எட்டு வயதில் விடாத இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். விலா எலும்பை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். பக்கத்தில் தோப்பும்படி என்ற இடத்தில் இருந்த டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியும் மருந்தும் எழுதினார். கூடவே தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னார்.

"பருப்பும் பாலும் போறாதா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"பருப்பு தின்னு வளர்ந்த நெஞ்சுதானே சாமி இது?" என்று டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். அப்பா வாயை மூடிக்கொண்டார். வாயை மூடிக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர்.

வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டைகூட நடக்காது, தீர்ப்புதான் நடக்கும். அத்தை தீர்ப்புச் சொன்னாள். "கொழந்தை உசுருக்காகன்னா தின்னட்டும். ஆனா இந்த ஆத்துல அடுப்பேறப்படாது. வெளில எங்கயாவது தின்னுட்டு, தலையோட குளிச்சுட்டுத்தான் உள்ள கேறணும். பறஞ்சுட்டேன்."

பின்பக்க வேலிக்கு அப்பால் ஒரு கிறிஸ்தவப் பெண் இருந்தாள். அக்கா என்பதற்கு அங்கே சேச்சி, அப்படித்தான் அவளைக் கூப்பிடுவோம். கோழி வளர்த்தாள். அவள் கணவர் வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிறவர், விடியும் முன்னே போய்விடுவார். காலையில் அம்மா என்னை வேலி இடைவெளி வழியாக அங்கே கூட்டிப்போவாள். சேச்சி முட்டையை வேகவைத்து, உரித்து, மிளகுப்பொடி தூவி என் கையில் கொடுப்பாள். நான் தின்பேன். பிறகு எங்கள் கிணற்றடியில் அம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். எங்கள் கிணற்றில் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, முடி பிசுபிசுவென்று ஒட்டும். வெந்நீர் போட வழியில்லை. அடுப்பு அத்தையின் அடுப்பு.

ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கியது. மேலே மழை, கீழே கிணற்றுத் தண்ணீர், நடுவில் இருமுகிற நான். விறைத்த கையோடு பள்ளிக்குப் போவேன். காய்ச்சல் குறைவதற்குப் பதில் ஏறியது. அத்தைக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "முட்டை சூடாக்கும். இவ ஒடம்புக்கு ஒத்துக்கலை" என்றாள். அப்பா செருமினார். அவ்வளவுதான்.

மறுபடியும் தோப்பும்படிக்குப் போனோம். டாக்டர் முதலில் முட்டை கொடுக்கிறீர்களா என்று கேட்டார். கொடுக்கிறோம் என்றார் அப்பா. நான் சும்மா இருக்கவில்லை.

"தின்ன உடனே பச்சத்தண்ணில குளிக்கணும். மழையிலயும்" என்றேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சாமி, முட்டையை நிறுத்தண்டா. குளியை நிறுத்து!" என்று டாக்டர் கத்தியது வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னார். குளியலை நிறுத்தினால் குழந்தை உள்ளே வரக்கூடாது என்றாள் அத்தை. படித்த மனிதர், கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்கார முதலாளிகளிடம் இங்கிலீஷ் பேசியவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முட்டையை நிறுத்தினார். செத்தவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? கோபப்பட்டுக் கோபப்பட்டு அலுத்தும்விட்டது.

சில நாள் முட்டை இல்லை. ஒரு காலை, அத்தை பூப்பறித்துக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் போய் நின்றாள். அம்மா தானாக அத்தையிடம் பேசி நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, பால் குடிக்கற கொழந்தைக்கு வயறு கெட்டா யாரு பத்தியம் இருப்பா?"

"இதென்ன கேள்வி? பெத்தவதான் இருப்பா."

"அவ பத்தியம் இருந்தா கொழந்தைக்குச் சேருமோல்லியோ?"

"சேரும். ஏன், சேராம?"

"அப்போ இவளுக்காக நான் குளிக்கறேன். அதுவும் சேரும்."

அத்தை கையிலிருந்த செம்பருத்தியைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். பால் குடிக்கிற வயதில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அம்மாவை நாள்கணக்கில் ரசஞ்சாதத்தில் நிறுத்தியது அவள்தான். தன் சட்டத்தையே தன்னிடம் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வாள்? "முழுசா முங்கிக் குளிக்கணும். ஏமாத்தப்படாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து நான் தின்றேன், அம்மா குளித்தாள். என் தலையில் நாலு துளி தெளிப்பதோடு சரி. விடியுமுன் ஒரு முறை குளித்து, அடுப்பு மூட்டி, அத்தைக்கும் அப்பாவுக்கும் காப்பி கொடுத்து, என்னைக் கூட்டிப்போய் வந்து, மறுபடியும் குளிப்பாள். ஈரப்புடவை உலராது. எல்லோரும் சாப்பிட்டபின் பாத்திரத்தின் அடியில் இருப்பதை வழித்துச் சாப்பிடுவாள். சில நாள் வழிக்கவும் இருக்காது. அவள் கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கி நிற்கும். அம்மாக்கள் எல்லோருக்கும் கழுத்து அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது சேச்சி மூச்சுமுட்டச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் சட்டியில் இரண்டு முட்டை வெந்தன. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதை அம்மாவிடம் நீட்டினாள்.

"ஐயையோ, எனக்கு எதுக்கு?" என்று அம்மா பின்வாங்கினாள்.

"எப்படியும் குளிக்கணுமல்லோ மாமி? சும்மா குளிக்கறதுக்கு, தின்னிட்டுக் குளிக்கலாமல்லோ?"

அம்மா சிரிக்கவில்லை. வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். முட்டையை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் மென்றாள். சேச்சி கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

"அம்மா, நீயும் தின்னியா?" என்று கேட்டேன்.

"இல்லைடி, கெட்டுப்போயிருக்கான்னு பார்த்தேன்" என்றாள் அம்மா. வாயைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

மழைக்காலம் முடிவதற்குள் என் இருமல் நின்றது. அத்தை அதைத் தன் விரதக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். ஆனாலும் டாக்டர் சொன்ன காலம் வரை நாங்கள் சேச்சி வீட்டுக்குப் போய்வந்தோம். தினமும் சட்டியில் இரண்டு வெந்தன. தினமும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தாள். முழுவதையும் பார்த்தாள். ஒருநாள்கூடக் கெட்டுப்போன முட்டை அகப்படவில்லை. சேச்சி வீட்டுக் கோழிகள் அவ்வளவு நல்ல கோழிகள் என்று பள்ளியில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.