இருபத்தொன்றாவது பிள்ளை

எங்கள் பள்ளியின் எழுத்தர் ஆர்டிஸ் ஹோவ்லேண்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். "எழுதிக்கோ மேவிஸ். பொய் எழுதினா உன் சமையலை நான் தொடமாட்டேன்" என்றாள். பொய் எழுத எனக்கு என்ன தலையெழுத்து? அதே பள்ளியில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறேன். என் அடுப்படிக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரே சுவர்.

மொன்டானாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் டிரை ஃபோர்க் பள்ளியில் அந்த வருடம் சின்னதும் பெரியதுமாக நாற்பத்திரண்டு பிள்ளைகள். எழுத்தர் என்றால் சம்பளப் பட்டியல், பேருந்துக்கு டீசல், ஒழுகும் கூரை என்று சகலமும் அவள் தலையில்தான். வேதியியலுக்கு எங்களிடம் வாத்தியார் கிடையாது. நூறு மைலுக்கு அப்பால் ஒருவர் நடத்துவதைத் திரையில் பார்த்துத்தான் பெரிய வகுப்புப் பிள்ளைகள் படித்தார்கள். மாட்டு வைத்தியர் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்ற என் மகள் டாராவும் அதில் ஒருத்தி. பழைய இணைப்போ, காற்றடித்தால் போய்விடும். எங்கள் ஊரில் காற்று எப்போது அடிக்கவில்லை?

புது இணைப்பு வாங்க அரசாங்கம் தள்ளுபடி தரும். ஆனால் அதை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இன்ன வேகத்தில் இணையம் வேண்டும் என்று முதலில் ஊரறிய அறிவிக்க வேண்டும். பிறகு இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டும். எந்த நிறுவனமும் விலை சொல்லலாம். அவர்களில் யாரிடமும் நாம் கை நனைத்துவிடக் கூடாது. தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கத்தின் லைல், ஆர்டிஸுக்கு அத்தை மகன். வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு பெட்டி இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து கொடுப்பது அவன் வழக்கம். அந்தப் பிப்ரவரியில் ஆர்டிஸ் பெட்டியை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தாள். "இருபத்தெட்டு நாள் கழிச்சு வா லைல். அதுவரைக்கும் நீ எனக்குச் சொந்தமில்ல." ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபி குடிக்கும்போதுகூட வேறு மேசைக்கு எழுந்து போய்விட்டாள். லைல் அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கடைசியில் அவன் விலைதான் குறைவாக இருந்தது, வேலையும் அவனுக்குத்தான் கிடைத்தது.

சிக்கல் அதில் இல்லை. எங்களுக்கு எழுபது சதவீதத் தள்ளுபடிதான் என்று கணக்கு வந்தது. மிச்சத்தைக் கட்டப் பள்ளிக்குழுவால் முடியாது. எண்பது கிடைத்தால் கையெழுத்துப் போடுகிறோம், இல்லாவிட்டால் மேல்வகுப்புகளை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஐம்பத்தெட்டு மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்தார்கள். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் என் மகளை எப்படி அனுப்புவேன்?

எத்தனை சதவீதம் என்பதை முடிவு செய்வது மதிய உணவு. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசச் சாப்பாடு உண்டு. அப்படிப்பட்டவர்கள் பள்ளியில் பாதிக்குப் பாதி இருந்தால் எண்பது. பெற்றோர் நிரப்பித் தரும் படிவங்களைப் பார்த்துச் சரி சொல்கிறவள் நான். என் கையில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு பிள்ளை வேண்டும். விண்ணப்பத்துக்கு இன்னும் எட்டு நாள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் உனக்கு எத்தனை மாடு என்று கேட்கக் கூடாது. அது அவன் சட்டைப் பைக்குள் கைவிடுவதற்குச் சமம். அப்படிப்பட்ட ஊரில் வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போடு என்றால் யார் போடுவார்கள்? ஓரின் ஸ்டாட்ஹைம் இரண்டு வருட வறட்சியில் பாதி மாட்டை விற்றுவிட்டான். லாரிகள் போனதை ஊரே பார்த்தது. அவன் பையன் நான்காம் வகுப்பு. ஆனாலும் படிவம் வரவில்லை. அவன் வறட்டு ஜம்பத்தை நான் வாய் வலிக்கத் திட்டினேன். ஆர்டிஸ் திட்டவில்லை. சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அவன் பண்ணைக்கே போனாள்.

திங்கட்கிழமை காலை அடுப்படிக்கு வந்தாள். நான் காரமான பீன்ஸும் கறியும் கிளறிக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"காபி போட்டுக் கொடுத்தான். நான் சொன்னதெல்லாம் பொறுமையா கேட்டான். அப்புறம், 'நீ உன் வீட்டுப் பிள்ளைக்கு எழுதிட்டியா ஆர்டிஸ்?'னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"காபி நல்லாருக்குன்னு சொன்னேன்."

இறந்துபோன தம்பியின் மகளை ஆறு வருடமாக ஆர்டிஸ்தான் வளர்க்கிறாள். அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. தினமும் என்னிடம் தட்டை நீட்டுகிறவள், மாதம் தவறாமல் காசு கட்டுகிறவள். அவள் பெயரை அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆர்டிஸுக்கு அரைநாள் சம்பளம் என்று தெரியும். அப்பா விட்டுப்போன நிலத்திலிருந்து குத்தகைப் பணம் வருகிறது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். பழைய குளிர்கோட்டையே பத்து வருடமாகப் போடுகிறாளே என்று கஞ்சப்பட்டம் வேறு கட்டியிருந்தேன்.

ஒரு படிவம் கேட்டாள். கொடுத்தேன். என் எஃகு மேசையோரம் நின்றபடியே எழுதினாள். ஊரில் எல்லாருடைய விண்ணப்பத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பித் தருகிறவள், வருமானம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். பிறகு எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"சிநேகிதின்னு பாக்காத. சட்டப்படி என்னவோ அதைச் சொல்லு."

நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை. தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எப்போதோ விற்றிருக்கிறாள். அவள் எழுதியிருந்த தொகை என் சம்பளத்தைவிடக் குறைவு. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

"இது செல்லும்" என்றேன். "ஆறு வருஷமாவே செல்லும் ஆர்டிஸ். உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? வருமான அட்டவணையை வருஷா வருஷம் நகல் எடுக்கிறதே நான்தானே."

இருபத்தொன்று ஆயிற்று. அன்று மதியமே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அடுத்த கோடையில் லைலின் ஆட்கள் சாலையோரம் தோண்டிக் கம்பி போட்டார்கள். மேல்வகுப்புகளை மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டாரா என் கண்முன்னாலேயே படித்து முடித்தாள்.

ஆர்டிஸிடம் இதற்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. வாயெடுத்தால் போதும், பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் இங்கே எழுதுகிறேன், நீ பேச்சை மாற்ற முடியாது. நன்றி ஆர்டிஸ். அந்தக் கட்டத்தை நிரப்ப உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான்.