கனடாவில் என் மடியிலிருந்து இறங்கிய மகள்

அன்று என் கைகள் மரத்துப்போகாதிருந்தால் மகளை மடியிலிருந்து இறக்கியிருப்பேனா?

அக்காவைப் பார்க்கக் கனடா போனோம். மகளை மடியில் தூங்கவைத்தபடியே வந்த நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்தோம். அதில் குழந்தை இருக்கை இருந்தது. இலங்கையில் எங்கள் ஹட்டன் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளையை மடியில் அணைத்தே பழகியவள் நான்.

"தூக்கம் கலைஞ்சா அழுவாளேங்க."

"அழுதா நான் பாட்டுப் படிக்கிறேன். நீ முதல்ல கைய நீட்டி மடக்கு," என்றார் கணவர்.

களைப்பில் சம்மதித்து, மகளை அந்த இருக்கையில் வைத்துப் பட்டியை மாட்டிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தேன். வெளியே வந்ததும், வலப்பக்கம் ஓட்டவேண்டிய அந்த நாட்டில் அவர் ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கமாகவே ஓட்டினார். நேரெதிரே லொறி! பிரேக் பிடித்த வேகத்தில் என் மடியிலிருந்த பை பறந்து முன் இருக்கையில் மோதியது. லொறியில் மோதாமல் தப்பினோம்; மகளோ பட்டிக்குள் பத்திரமாக, கண்விழிக்காமலே தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஊரிலும் இருக்கை வாங்கிவிட்டோம். "தாய் மடிய விட ஒசத்தியா அந்த சீட்டு?" என்று மாமியார் கேலி செய்கிறார். மகளும் வழிநெடுக அழுகிறாள். அழாமல் உட்காரவைக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.